ஏழு ரூபாய்ப் புடவை ஒரு ரூபாய்க்கு

பாகூர் கடைத்தெருவில் சைகோன்காரர் கடை திறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. குருவிநத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி.

அவர் பன்னிரண்டு வருஷம் சைகோனில் ஒரு பெரிய பிரெஞ்சுக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மரியாதைக்கு அவரை 'முசே' என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று பொருள். அங்கே பார்த்ததை இங்கே செய்துகாட்டும் ஆசையோடு வந்திருந்தார். கடையில் சோப்பு, கண்ணாடி, பீங்கான் தட்டு, துணிமணி என்று எதை எடுத்தாலும் அதில் நூல் கட்டி ஒரு காகிதச் சீட்டு தொங்கும். சீட்டில் விலை இருக்கும். பேரம் கிடையாது. சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார். 'சீட்டில் உள்ளதே விலை. விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படமாட்டாது.' நான் வில்லியனூரில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். என் ஓரகத்திக்கு அந்தப் பலகையைப் படித்துச் சொன்னவள் நான்தான்.

ஓரகத்தி என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சண்டைதான் நிற்கும். எனக்கு அவள் அப்படி இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, என்னைவிடப் பத்து வயது பெரியவள். நான் வந்த முதல் மாதம் காய்ச்சலில் கிடந்தபோது என் தலைக்குப் பேன் பார்த்து, வாரி, பின்னிவிட்டவள். நான் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். கறுத்து உயர்ந்த உருவம். வாய் திறந்தால் சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பேரம் பேசுவதில் அவளை வெல்ல ஆள் கிடையாது. கருவாட்டுக்காரியிடம் பேசிப் பேசி, கடைசியில் அவளையே சிரிக்க வைத்து விலை குறைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் சைகோன்காரரிடம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விலை குறைத்துக் கேட்டாள். அவர் பலகையைக் காட்டினார். அவள் மறுபடி கேட்டாள்.

"எங்கம்மா எழுந்து வந்து கேட்டாலும் இதே விலைதாம்மா" என்றார் அவர். கடையில் இருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

அக்கா கண்ணாடியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஏரிக்கரை வரும்வரை விறுவிறுவென்று நடந்தாள். பிறகு, "இன்னாடி மனுசன் இவன்? பேசாம வாங்கிக்கிட்டுப் போறதுக்குக் கடை எதுக்கு? சுவத்துல ஓட்டை போட்டுக் காசை உள்ள போட்டுட்டுப் போவலாமே" என்றாள். அந்த ஆத்திரம் அவளுக்கு அடங்கவே இல்லை.

மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்தது. ஆண்கள் இருவரும் கரும்பு ஆட்டும் வேலையில் இருந்தார்கள். உப்பும் மிளகும் வாங்கப் பாகூர் போன நாங்கள் சைகோன்காரர் கடையில் எட்டிப் பார்த்தோம். அவர் இல்லை, சரக்கெடுக்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, சத்தமில்லாத பெண். முப்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்து மரியாதைக்கு எழுந்து நின்றாள்.

கொடியில் எட்டுப் புடவைகள் தொங்கின. ஜப்பான் பட்டு. தண்ணீர் மாதிரி வழிகிற துணி. கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அக்கா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடம் இருந்த ஒரே பட்டு கல்யாணப் புடவை. அதுவும் மடிப்பில் இற்றுப்போயிருந்தது.

"சீட்டுல இன்னா போட்டிருக்கு?"

பார்த்தேன். ஒன்று. அடுத்ததிலும் ஒன்று. எட்டிலும் ஒன்று.

அது தப்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். இதே புடவையை எங்கள் ஊர்ப் பெரிய வீட்டம்மாள் புதுச்சேரியில் ஏழு ரூபாய்க்கு வாங்கி, தெரு முழுக்கக் காட்டியிருந்தாள். அக்காவுக்கும் அது தெரியும். நான் மெல்ல, "ஒரு ரூபான்னு போட்டிருக்கு அக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த விதத்தை இன்றைக்கும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. கொடியிலிருந்து எட்டுப் புடவைகளையும் உருவி எடுத்துக்கொண்டு நேராகப் பெட்டியடிக்குப் போனாள்.

"சீட்டுல இருக்கறதுதானே விலை?"

அந்த அம்மாள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு சீட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "ஆமாக்கா. சீட்டுல போட்டிருக்கறதுதான்" என்றாள். அக்கா ஆட்டுக்குட்டி விற்ற பணத்தை முடிச்சிலிருந்து எடுத்து எட்டு ரூபாய் வைத்தாள். வேறு எதற்கோ வைத்திருந்த பணம் அது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கட்டிக் கட்டிப் பார்த்தோம். அக்கா மாம்பழ நிறத்தைக் கட்டிக்கொண்டு குதிருக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்க உறுத்தல் கரைந்துபோனது. இரண்டை எங்களுக்கு வைத்துக்கொள்வது, ஆறை ஆற்றுக்கு அக்கரையில் விற்பது என்று அவள் முடிவு செய்தாள். எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை, அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே இந்தத் துணிக்குச் சுங்கத் தீர்வை உண்டு, அதனால் விலை ஏறிக் கிடக்கும்.

"சாவடியில பிடிச்சிட்டா?"

"கட்டிக்கிட்டுப் போற புடவைக்கு எவன்டி தீர்வை கேப்பான்?"

அப்படித்தான் மறுநாள் காலை ஆளுக்கு மூன்று பட்டுப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அதற்கு மேல் பழைய நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். சீட்டுகளை அவிழ்த்து எறியச் சொன்னாள் அக்கா. எழுதிய காகிதத்தை எறிய எனக்கு மனம் வராது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தென்பெண்ணையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. மற்றதெல்லாம் மணல். பங்குனி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. நாலு புடவையோடு மணலில் நடப்பது என்பது வைக்கோல் போரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதுதான். அடி எடுத்து வைக்க முடியவில்லை. அக்காவின் முகமெல்லாம் வேர்வை. சாவடிக்கு இருபது அடி இருக்கும்போது, "தலை சுத்துதுடி" என்று மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததில் நூல் புடவை விலகியது. அடியிலிருந்து கத்தரிப்பூ நிறம் பளபளவென்று எட்டிப் பார்த்தது.

சாவடிக்காரர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் கேட்டார்.

"எத்தினி புடவைம்மா கட்டியிருக்க?"

பக்கத்தில் ஆப்பம் விற்றுக்கொண்டிருந்த கிழவியைக் கூப்பிட்டு எங்களைத் தட்டி மறைவில் சோதிக்கச் சொன்னார். கிழவி உரிக்க உரிக்க உரக்க எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... அடியாத்தே, இன்னும் கீதுய்யா!" வெளியே ஆப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தீர்வை கட்டச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"எங்க வாங்கினது? எவ்வளவு?"

சீட்டுகளை எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒரு ரூபாய்க்கு ஜப்பான் பட்டா? என் சம்சாரத்துக்கு நான் வாங்குனது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? எந்தக் கடையில தூக்குனதும்மா இது?"

தீர்வையைப் பற்றி நினைத்த எங்களுக்குக் களவு என்ற சொல் வரும் என்று தோன்றவே இல்லை. அக்காவின் குரல் அடங்கியதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "வாங்கினதுங்க. சத்தியமா வாங்கினதுங்க" என்றாள். அவர் ஆளனுப்பி எங்கள் கரையிலிருந்து சிவப்புக் குல்லா வைத்த போலீஸ்காரரை வரவழைத்து, புடவை மூட்டையோடு எங்களை ஒப்படைத்தார். போலீஸ்காரர் முன்னால் போக, நாங்கள் பின்னால் பாகூர் வரைக்கும் நடந்தோம். குருவிநத்தத்துத் தெரு வழியாகத்தான் நடந்தோம். யார் யார் பார்த்தார்கள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குச் சைகோன்காரரை வரச்சொன்னார்கள். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆறு புடவைகளும் மேசைமேல் கிடந்தன, பக்கத்தில் சீட்டுகள். அவர் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுத்து யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும். புடவைக்கு ஆறு ரூபாயாக எவ்வளவு போயிற்று என்பதும் தெரிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நாங்கள் அன்று வீடு திரும்பியிருக்க மாட்டோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கடைச் சீட்டுதான். என் சம்சாரம் எழுதினது. ஒரு ரூபாய்க்குத்தான் வித்துது" என்றார்.

"ஏழு ரூபா சரக்கை ஒரு ரூபாய்க்கா? இன்னா முசே, விளையாடுறீங்களா?" என்றார் போலீஸ்காரர்.

"நட்டம் என்னுது. களவு இல்ல. அவங்களை அனுப்புங்க."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்ததை அதிகம் எழுத வேண்டாம். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூத்தவர் மட்டும் அக்காவிடம், "ஒண்ணு வாங்கியிருந்தா அதிஷ்டம்னு சொல்லலாம். எட்டு வாங்குனா அதுக்குப் பேர் வேற" என்றார். அக்கா சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் எட்டுப் புடவைகளையும் மடித்து மூட்டை கட்டி, "வாடி" என்றாள்.

சைகோன்காரர் மூட்டையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"வித்த சரக்கைத் திரும்ப வாங்கறதில்லம்மா."

"நீ போட்ட பலகையை நீயே கட்டிக்கிட்டு அழு. எனக்கு இது வாணாம்."

"நீங்க குடுத்த பணம் சரி. சீட்டுல ஒண்ணுன்னுதான் கீது. உங்க மேல தப்பில்ல."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தப்பு கீதுப்பா! அது ஏழுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பெரிய வூட்டம்மா கட்டியிருந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். உன்மேல இருந்த கோவத்துல வாங்கினேன். போதுமா?" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவள் அக்காவைக் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமே தங்கச்சி. நீ ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

என்னிடம் பதில் இருந்தது. அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் அது. ஆனால் அந்த அம்மாளின் முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல முடியவில்லை.

தப்பு எப்படி நேர்ந்தது என்று பிறகு அவளே சொன்னாள். கணவர் நோட்டில் குறித்துவைத்த விலையைப் பார்த்துத்தான் அவள் சீட்டு எழுதுவாள். அவர் பிரெஞ்சுக்காரர் மாதிரி எண் எழுதுவாராம். அவருடைய ஒன்றுக்கு நீளமான மூக்கு இருக்கும், பார்த்தால் ஏழு போலவே தெரியும். முதல் வாரம் அவள் அதையெல்லாம் ஏழு என்று எழுதி, ஒரு ரூபாய்த் தட்டுக்கு ஏழு ரூபாய்ச் சீட்டு கட்டிவிட்டாள். அவர் திட்டினார். அதற்குப் பிறகு சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒன்று என்றே எழுதிவந்தாள். எண் எழுதவே அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டவள்.

"வித்ததைத் திரும்ப வாங்கமாட்டோம்னுதானே எழுதியிருக்கு" என்றாள் கணவரைப் பார்த்து. "நாம திரும்ப வாங்க வேணாம். புதுசா வாங்குவோம். இவங்க சரக்கு கொண்டாந்து இருக்காங்க. ஒரு ரூபா விலை."

சைகோன்காரர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறு ரூபாயை எண்ணி அக்காவின் கையில் வைத்தார். இரண்டு புடவைகளை எங்கள் பக்கமாகத் தள்ளினார். அக்கா எவ்வளவு சொல்லியும் அவர் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. "சரக்கெல்லாம் நான் வாங்கணும்னு சட்டம் இல்லம்மா. எனக்கு வேண்டியது ஆறுதான்" என்று சொல்லிவிட்டார்.

புதுச் சீட்டுகள் எழுத அந்த அம்மாளுக்கு நான் துணைக்கு உட்கார்ந்தேன். அவள் ஏழு என்று போட்டு என்னிடம் காட்டுவாள். நான் சரி என்றதும் நூலைக் கட்டுவாள். நாலு சீட்டு முடிந்திருக்கும். அக்கா திடீரென்று அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீ இதுல ஒண்ணாவது கட்டிப் பார்த்திருக்கியாடி?"

இல்லை என்று தலையாட்டினாள். அக்கா கிளிப்பச்சையை உருவிக்கொண்டு அவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுப்பும் சிரிப்பும் கேட்டன. பிறகு திரையை விலக்கி அவளைக் கடைக்குள் தள்ளிவிட்டாள். அந்த மெலிந்த பெண் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு நின்றாள். சைகோன்காரர் கையில் இருந்த சோப்புக்கட்டியை வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவுக்க வேணாம்" என்றார் கடைசியில்.

மிச்சம் ஐந்தை நாங்கள் கொடியில் போட்டோம். அக்காவுக்கு அன்று கடையை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை. அந்த அம்மாள் வேகவைத்துத் தந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, எந்தப் புடவை எந்த நிறத்துப் பெண்ணுக்கு எடுப்பாக இருக்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அவளே இரண்டை விற்றுக்கொடுத்திருந்தாள்.