பூஜையில் இருந்த பெட்ரோல்

எங்கள் தோட்டத்து டிரைவர் அய்யாவு குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் காருக்கு ஊற்றும் பெட்ரோலைப் பற்றி யாராவது விளையாட்டாகப் பேசினால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாலண்டைனின் மனைவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எண்ணெய்ன்னா எண்ணெய்தானே, அதுல என்ன மேல் கீழ் பாக்குறீங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம், தங்காக்கைத் தாண்டிச் சிகாமட் போகும் சாலையில், லேடாங் மலையின் அடிவாரத்தில் இருந்தது. அய்யாவு அங்கே பால்மரம் வெட்ட வந்தவர். பிறகு மாட்டுவண்டி ஓட்டினார், லாரியில் உதவியாளாகப் போனார், பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டார். ரப்பர் விலை விழுந்து பாதி ஜனத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலத்தில் அவர் தப்பியது அந்த வேலையால்தான். அவருக்கும் அங்கம்மாவுக்கும் வெகுநாளாகக் குழந்தை இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

விலை கொஞ்சம் தலைதூக்கியதும் துரை சிங்கப்பூரிலிருந்து அந்தப் பச்சைக் காரை இறக்கினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. முதல்தரப் பெட்ரோல் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாக என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். அந்த இன்ஜின் எண்ணெயை ரொம்ப இறுக்கிப் பிழியுமாம். மட்டமானதை ஊற்றினால் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி தட்டுமாம். மூவார் டவுனிலிருந்து சிவப்புச் சாயம் போட்ட பெட்ரோல் அதற்கென்றே டின் டின்னாக வரும். அய்யாவு அதை மான்தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவார். லாரிக்கு வேறு பெட்ரோல். அது லாரிக் கொட்டகையில் பீப்பாயில் கிடக்கும். சிக்கனத்துக்காக அதில் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும்.

அந்த வருஷம்தான் அங்கம்மா உண்டானாள். அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தச் சாமிக்கும் குறை வைக்கக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டார். கோயிலுக்கு எண்ணெய், முனியாண்டிக்குச் சுருட்டு, எங்கள் மாதாவுக்குக்கூட என் கையில் மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்பினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையைக் கழுவி, லாரிக்கு மாலை போட்டு, ஸ்பேனர், ஜாக்கி, பால்வெட்டுக் கத்தி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அன்று அய்யாவுக்கு லீவு. துரை தானே காரை ஓட்டிக்கொண்டு காலையிலேயே மலாக்காவுக்குக் கிளம்பிவிட்டார். கார் இல்லாத பூஜையில் அய்யாவுக்கு மனசு நிற்கவில்லை. "வண்டி இல்லாட்டி அதோட சோறாச்சும் இருக்கட்டும்" என்று இருந்த இரண்டு சிவப்புப் பெட்ரோல் டின்களையும் தூக்கிப் போய் ஆயுதங்களுக்கு நடுவில் வைத்துப் பொட்டு வைத்தார்.

மதியம் அங்கம்மாவுக்கு வலி எடுத்தது. லயத்தில் பிரசவம் பார்க்கும் வெள்ளையம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிப்போனாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்தார். "புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சுப் பாக்க முடியாது. மூவார் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க" என்றார். அந்த நேரம் பார்த்துத் துரையும் திரும்பி வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டதும், தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அய்யாவு, என் காரை எடுத்துக்கிட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்தார். லயத்துப் பொம்பளையைத் தன் காரில் ஏற்றச் சொன்ன துரையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மலாக்கா போய் வந்த காரில் பெட்ரோல் அடிமட்டத்தில் கிடந்தது. நானும் வெள்ளையம்மாவும் அங்கம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் கொட்டகையில் நடந்ததைப் பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் கேட்டேன்.

அய்யாவு அந்த இரண்டு டின்களுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். கை நீண்டிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறது.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? தூக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூசையில இருக்குங்க. இன்னிக்குப் பாத்து இதுல கை வச்சு, அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நீ தொட வேணாம். நான் வேதக்காரன், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எடுத்து ஊத்துறேன்."

"வேணாங்க கிராணி. யாரு எடுத்தாலும் எடுத்ததுதான். ஒரு நடைதானே, வண்டி தாங்கும்."

அப்படிச் சொல்லிவிட்டு லாரிப் பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றினார். என் வீட்டுக்காரர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சாமி காரியத்தில் வேற்று மதத்தான் தலையிட்டதாகப் பேச்சு வந்துவிடுமோ என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுக்கத்தை நான் வெகுநாள் குத்திக்காட்டியிருக்கிறேன்.

தோட்டத்துச் செம்மண் பாதை முடியும்வரை கார் ஒழுங்காகத்தான் போனது. மட்டமான எண்ணெய்க்கு எப்படி ஓட்ட வேண்டும் என்பதும் அய்யாவுக்குத் தெரியும். உள்ளே வெடிப்பதைத் தாமதப்படுத்த ஸ்டியரிங்கில் இருந்த ஒரு கம்பியைத் தணித்துவைத்து, மிதிக்காமல் மெதுவாகப் போனார். மேட்டுப் பாதை வந்தது. அங்கம்மா என் மடியில் தலையைப் புரட்டிக்கொண்டு, "சீக்கிரம் போங்களேன், சீக்கிரம் போங்களேன்" என்று முனகினாள். எந்தப் புருஷனால் அதைக் கேட்டுக்கொண்டு மெதுவாக ஓட்ட முடியும்? அவர் மிதித்தார். முன்னால் டக்டக்கென்று சத்தம் கிளம்பியது. தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி. நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வை வழிந்து சட்டை ஒட்டிப்போயிருந்தது. சத்தம் கூடக்கூட அவர் இன்னும் மிதித்தார். மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, முன்பக்கமெல்லாம் ஆவி, கார் நின்றுவிட்டது.

இறங்கி மூடியைத் திறந்தார், கையைச் சுட்டுக்கொண்டார், இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார், திரும்பத் திரும்பச் சுற்றினார். அது அசையவே இல்லை. கடைசியில் சாலையில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்து, "கிராணியம்மா, நான் லாரி எண்ணெய ஊத்திட்டேன்" என்றார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி அங்கம்மாவுக்கு விசிறப் போனேன்.

ஒரு வண்டியும் வரவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், வெயில், அங்கம்மாவின் குரல். அந்தக் குரலும் போகப் போகத் தேய்ந்தது. பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு அன்னாசிப்பழம் ஏற்றிய சீனர் ஒருவரின் லாரி வந்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் பழத்தையெல்லாம் சாலையோரம் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அங்கம்மா பிழைத்தாள். ஆண் குழந்தை, பிறக்கும்போதே உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் குழந்தையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் பிள்ளை உண்டாகாது என்பதையும் அவரே சொன்னார். டாக்டர்களுக்கு இந்த 'முன்னால் வந்திருந்தால்' என்ற வார்த்தையை யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அய்யாவு சுவரில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

துரை அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. காரை ரிப்பேருக்கு அனுப்பினார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அய்யாவு கொஞ்சம் ஆறியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அங்கம்மா வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சி கொண்டு போனேன். அவர் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அதத் தொடல" என்றார் அவளிடம்.

அங்கம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "கேட்டிருந்தா சாமி குடுத்திருக்கும்ங்க" என்றாள். "நீங்க கேக்கவே இல்லியே."

அதில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கே தாங்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

அவள் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் அதை மனசிலிருந்து விடவில்லை. மறு வருஷம் ஆயுத பூஜைக்கு லாரிக்கும் கத்திக்கும் பொட்டு வைத்தார்கள். அய்யாவு காருக்குச் சிவப்புப் பெட்ரோலை நிறைய ஊற்றி, பூஜைக்குக் கொண்டுபோகாமல், லயத்து முனையில் ரோட்டைப் பார்த்து நிறுத்தினார். துரையிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய அனுமதி. யாருக்காவது அவசரம் என்றால் உடனே எடுக்க வேண்டுமாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். லயத்தில் முதலில் சிலர் கேலி பேசினார்கள். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதில் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். அந்த நாளில் யாருக்கும் வலி எடுக்கவில்லை, யாரையும் பாம்பு கடிக்கவில்லை, யாரும் மரத்திலிருந்து விழவில்லை. அந்தக் கார் ஒரு ஆயுத பூஜைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

பூஜை முடிந்ததும் அங்கம்மா வாழையிலையில் பொரியும் கடலையும் கொண்டுபோவாள். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். அவள் இலையை நீட்டிக்கொண்டே, "யாரும் வரலியா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றார் அவர்.

அவள் காரின் பின்கதவைத் திறந்து, அன்றைக்குப் படுத்திருந்த அதே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இருட்டும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.