கவிழ்த்து வைத்த பொச்சுமட்டை

கொழும்பு ஒருகொடவத்தையில் இரண்டு கிடங்குகள், தெஹிவளையில் நாலு மாடிவீடு, கொட்டாஞ்சேனையில் ஒரு கடைத்தொகுதி. நாலாம் வகுப்புப் படிப்போடு நான் கட்டி எழுப்பியவை இவை. இப்போது வெள்ளவத்தைக் கால்வாய்க்கரை நடைபாதைக்குக் கல் பதித்ததும் நான்தான். நேற்று கரைச் சரிவில் புல் நடுவதற்காக விரித்த தேங்காய்த் தும்புப்பாய் மழையில் நனைந்து மணத்தது. அந்த மணத்தில் எனக்குப் பதினொரு வயதாகிவிட்டது.

அது சண்டைக்காலம். காலி வீதியில் சோதனைக்காக பஸ்கள் நின்றுவிடும். அதனால் அம்மா தெஹிவளைத் தையல் தொழிற்சாலைக்கு இந்தக் கரையால் நடந்துதான் போவார். ஒருநாள் சேற்றில் வழுக்கி விழுந்து, பிந்திப் போனார்.

“இன்னொருக்கா பிந்தினா வேலைக்கு வராதே” என்றுவிட்டான் முதலாளி.

தேங்காய்க்கடைக்கார நானாவிடம் தேங்காய் உரித்த பொச்சுமட்டை கேட்டு வாங்கி, சேறு நெடுகக் குழிப்பக்கம் மேலே பார்க்கப் பரப்பினேன். நானா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மகன், நுளம்பு முட்டையிட்டுப் பெருகத் தண்ணித் தொட்டியா கட்டுறீங்க? தொப்பி மாதிரிக் கவுத்து வைங்க!”

அத்தனையையும் புரட்டிக் கவிழ்த்தேன். மறுநாள் காலை அம்மா ஏறி மிதித்துப் பார்த்தார்.

“ஓம், ஆடேல்லை. இனி என்னை ஒருத்தரும் மறிக்கேலாது.”

அந்த மாரி முழுதும் அவர் பிந்தவே இல்லை.

திறப்புவிழாப் பெயர்ப்பலகையில் பொறியியலாளரின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. இந்தக் கரையில் முதற்பாதை போட்டவன் நான். மாநகரசபை ஐயாமாரே, மூன்று மொழியிலும் என் பெயர் அதில் ஏறவேண்டும். கவிழ்த்து வைக்கச் சொன்ன நானாவின் பெயரையும் போடுங்கள், எனக்கு ஒரு வரி கீழே.