பூசைக்குப் போன கைமணிக்கூடு

எண்பதுகளின் தொடக்கத்தில், கப்பலில் வேலைசெய்த என் அண்ணன், முல்லைத்தீவில் சங்கு குளித்துவந்த என் கணவருக்குச் கடலில் மூழ்கும் சுழியோடிகள் கட்டும் விலையுயர்ந்த கைமணிக்கூடொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் அதை மாதா கோயில் ஞாயிறு பூசைக்கு மட்டுமே கட்டினார்; கடலுக்குப் போகும்போது அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வெறும் பகட்டென்றே நானும் எண்ணியிருந்தேன்.

ஆயினும், அதன் முகத்தைச் சுற்றியிருந்த வளையம் எதற்காகத் திரும்புகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. கூடவந்த கைநூலை வாசித்தேன். இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், நீருக்குள் கழிந்த நேரம் ஒரே பார்வையில் தெரியுமாம். முதுகுச் சிலிண்டரில் காற்று எவ்வளவு நேரம் வருமென்பதைக் கணவர் அறிவார். ஆனால் சங்கைக் கண்டால் நேரத்தை மறந்துவிடுவார். மூச்சுமுட்டி மேலே வந்த நாட்களும் உண்டு.

மறுநாள் விடிய, அதை அவர் கையில் நானே கட்டினேன்.

"உமக்கென்ன விசரே? உப்புத்தண்ணியில போடுற சாமானே இது?"

"ஓம், அதுக்கெண்டுதான் செய்திருக்கு. பூசைக்கு நேரம் பாக்கக் கோயில் மணி இருக்குத்தானே."

அன்று அவர் குறைந்த சங்குகளோடு திரும்பினார். பாறையில் உரசிக் கண்ணாடியில் ஒரு கீறல். இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியால் அதைத் தேய்த்தபடி, "பெரிய சங்கொண்டு கிடந்தது. நேரத்தைப் பாத்திட்டு, விட்டிட்டு வந்திட்டன்" என்றார்.

அவர் கீறலுக்காக வருந்திக்கொண்டிருந்தார். நானோ, அவர் சீராக மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைமணிக்கூட்டின்மீது எனக்கு ஆசை பிறந்தது அப்போதுதான்.