ஆடும் கல்லும் அத்தையின் துடைப்பமும்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அத்தையின் தென்னந்துடைப்பம் நிற்கிறது. கைப்பிடியில் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றி அவரே போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாளைக் காலை எங்கள் பூங்காவைப் பார்க்க இன்ஜினியர் வருகிறார். மத்தியானத்திலிருந்து நான் அந்தத் துடைப்பத்தைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். யாராவது அதைக் கேட்டு வந்துவிடுவார்களோ என்றுதான்.

அத்தை அரசு ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அதற்குப் பிறகு கண்ணில் பிரஷர் வந்து, காலடியில் இருப்பது தெரியாத அளவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. நாங்கள் இருக்கும் பிரேசர் டவுனில் ஃபுட்பாத் என்று ஒன்று இருக்கிறதே, அதில் மனிதர்களைத் தவிர மற்ற எல்லாம் நிற்கும். ஆகவே யார் கையையும் பிடிக்காமல் அவர் நடக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பூங்காவின் நடைபாதை. கூட வருகிறேன் என்றால் கோபம் வந்துவிடும். "இது ஒண்ணையாவது தனியா செய்ய விடும்மா" என்பார். நான் பால்கனியில் நின்று, அவருடைய மஞ்சள் ஸ்வெட்டர் அங்கே இருக்கும் பம்ப் ரூமைச் சுற்றி வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கையில் காபி ஆறிப்போகும்.

என் பயமெல்லாம் பம்ப் ரூம் வளைவில் இருந்த ஒரு கல்லைப் பற்றித்தான். அடிமண் அரித்துப்போய், மிதித்தால் ஆடும். பூங்காவுக்குப் புது கேட் போட்டார்கள், பேண்டு வாசித்து ரிப்பன் வெட்டினார்கள். அதோடு சரி. கல் பதிக்க, விளக்கு மாற்ற, காய்ந்த கிளையை வெட்டப் பணம் இல்லை என்றார்கள். வார்டு கூட்டம் எப்போது நடந்தாலும் அத்தை எழுந்து நின்று கன்னடத்தில் பிளந்து கட்டுவார். உட்கார்ந்ததும் என் காதில் தமிழில் சொல்வார்: "புது கேட்டு யாரு கேட்டா? இருக்கிறதைப் பாத்துக்க வருஷா வருஷம் பணம் ஒதுக்குங்கன்னா ஏன் காதுல விழ மாட்டேங்குது?" கடைசியில் அப்போதிருந்த இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பதாகவும், தேவை இருந்தால் பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

வருகிறார் என்றதும் எங்கள் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாக்கிங் குழு மொத்தமும் விடியற்காலையில் கூடிப் பூங்காவைப் பெருக்கியது. வாசலில் கோலம், உடைந்த பெஞ்சின் மேல் ஜமக்காளம். "வர்றவர் முன்னாடி குப்பையா வெச்சிருந்தா நம்ம மானம் என்னாகும்?" என்றார் குழுவின் செக்ரட்டரி அங்கிள். கேட்டருகே இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தி அந்த ஆடும் கல்லின் மேல் வைக்கச் சொன்னது சாட்சாத் என் அத்தை! "அவர் பாக்க வர்றதே அதைத்தானே அத்தை?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வாயால சொல்லிக்கலாம். வர்ற மனுஷன் தடுக்கி விழணுமா? நல்லா இருக்கே!" என்று என் வாயை அடைத்துவிட்டு, இதே துடைப்பத்தால் பாதையைப் பெருக்கினார். இன்ஜினியர் வந்தார், இளநீர் குடித்தார், ஒரு சுற்று வந்தார். அத்தை கல்லைப் பற்றிப் பேச்செடுப்பதற்குள் "தும்பா சென்னாகி இட்கொண்டித்தீரா" என்றார். ரொம்ப நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறோமாம். இவ்வளவு நன்றாக இருக்கும் பூங்காவுக்கு எதற்குப் பணம்? அது வேறு பூங்காவுக்குப் போனது.

தொட்டி கேட்டருகே திரும்பிப் போனது. அடுத்த வாரமே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மஞ்சள் ஸ்வெட்டர் பம்ப் ரூமுக்குப் பின்னால் போனது, வெளியே வரவில்லை. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். இடுப்பெலும்பு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது, ஆனால் அத்தை அதன் பிறகு தனியாக நடக்கவே இல்லை. எவனுக்கும் பயப்படாத மனுஷி, தரையைப் பார்த்துப் பயந்தார். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து தினமும் கேட்பார்: "கல்லு போட்டாங்களா?" இல்லை என்பேன். போன மழைக்காலத்தில் போய்விட்டார். கல் இன்னும் ஆடுகிறது.

இப்போது கூட்டங்களுக்கு நான் போகிறேன். எழுந்து நின்றால் கன்னடம் பாதியில் நின்றுவிடுகிறது, ஆனாலும் அத்தை கேட்டதையே கேட்கிறேன். அந்த வளைவில் என் வீட்டுக்காரர் நடக்கிறார், எதிர் ஃபிளாட் பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். நினைத்தாலே பகீர் என்கிறது. நாளைக்கு வருபவர் வேறு இன்ஜினியர். இந்த முறை தயவுசெய்து பெருக்காதீர்கள் என்று குழுவிடம் கெஞ்சியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டல் எனக்குத் தெரியாதா?

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே காலிங்பெல் அடித்தது. செக்ரட்டரி அங்கிள். "அத்தையோட தொடப்பம் இருக்காம்மா? கேட்டு வாசல் மட்டும்... அப்புறம் அந்தத் தொட்டி..." என்று இழுத்தார்.

"தொடப்பத்தைத் தூக்கிப் போட்டுட்டேன் அங்கிள்" என்றேன், சமையலறைப் பக்கம் அவர் பார்வை போகாதபடி வழியை மறைத்துக்கொண்டு. "தொட்டியைத் தொடாதீங்க. நாளைக்கு அந்தக் கல்லு மேல நான் நிக்கப் போறேன். அது ஆடறதை அவர் கண்ணால பாக்கட்டும்."

"உங்க அத்தை இருந்திருந்தா இப்படி விடுவாங்களாம்மா?"

"அத்தை இருந்திருந்தா இன்னைக்கும் கேட்டிருப்பாங்க அங்கிள், கல்லு போட்டாங்களான்னு."

அவர் படியிறங்கிப் போனார். நான் கதவைத் தாழிட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அங்கிளுக்குப் பயந்து அல்ல. விடிந்து இன்ஜினியரின் ஜீப் சத்தம் கேட்டால் என் கையே அதைத் தேடிப் போகும்.