இளகிக்கொண்டே போன ஷாஃப்ட்

என் அத்தையை கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் எல்லாரும் 'டேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பந்துக் கூடைகளை வாடகைக்கு விடும் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தகரக்கூரை அறை. அதுதான் அவளுடைய பட்டறை. கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஆளுக்கு ஏற்ற மட்டையைப் பொருத்திக் கொடுப்பது அவள் தொழில். முக்கியமாக டிரைவர் எனப்படும் நீள மட்டை, பந்தை வெகுதூரம் அனுப்புவது. அதன் தண்டை ஷாஃப்ட் என்பார்கள். சில ஷாஃப்ட்கள் விறைப்பாக நிற்கும், சில இளக்கமாக வளையும். எது எவ்வளவு விறைப்பு என்று அதன்மேல் ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். அத்தை முதல் வேலையாக அந்த எழுத்தின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவாள்.

"எழுத்தைப் பார்த்தா ஆம்பளைங்க கண்ணால அடிக்க ஆரம்பிச்சுடுவாங்கடி" என்பாள்.

அது உண்மைதான். கழுத்தே தெரியாத அளவுக்குத் தோள் வளர்த்திருந்த ஜிம் மாஸ்டர் ஒருவர் வந்தார்.

"இருக்கறதுலயே விறைப்பானதைக் குடுங்கக்கா. மத்ததெல்லாம் என் கைக்கு முருங்கைக்காய் மாதிரி."

"குடுக்கறேன் தம்பி. மொதல்ல எல்லாத்தையும் அடிச்சுப் பாருங்க."

அடித்தார். ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி, "இதுதான்க்கா! இரும்பு!" என்றார். அத்தை டேப்பை உரித்தாள். வயதானவர்களுக்கென்று செய்த ஷாஃப்ட். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டேப்பைத் திரும்பச் சுத்திடுங்கக்கா" என்றார், குரலை இறக்கி.

கையின் வேகத்துக்கு மீறி ஷாஃப்ட் விறைப்பாக இருந்தால் பந்து எழும்பாது. தாழ்வாகப் போய் வலப்பக்கம் ஒதுங்கும். இளக்கமான ஷாஃப்ட் அடிக்கும் நொடியில் முன்னால் உதறி மட்டையின் முகத்தை நிமிர்த்தும். பந்து உயரப் போய்ச் சற்று இடப்பக்கம் சாயும். இவ்வளவுதான் அத்தையின் சாஸ்திரம். பந்து போகும் வழியைப் பார்த்தே அடித்தவரின் கையில் என்ன பலம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்துவிடுவார். மைதானத்தில் அவர் பெயர் 'பீரங்கி'. அவருடைய டிரைவரில் இருந்தது மிக விறைப்பான ஷாஃப்ட். அதில் மட்டும் டேப் கிடையாது. எழுத்து தெரியும்படிதான் பையில் வைப்பார்.

போன வருடம் அவர் இளைக்க ஆரம்பித்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாகத் திரும்பியது. பெல்ட்டில் அத்தை புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தாள், பிறகு இன்னொன்று. கிரேன் ஏணியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்குகிறார் என்று உடன் வேலை செய்பவர் வந்து சொன்னார்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரலாங்க" என்றாள் அத்தை.

"பந்து எங்க விழுதுன்னு பாத்தியா? அந்த மரத்துக்கும் அந்தாண்ட. ஒடம்பு சரியில்லாதவன் அடிக்கற அடியா இது? உன் தொழிலே அதுதானே, நீயே சொல்லு."

பந்து உண்மையிலேயே நேராக, உயரமாகப் போனது. ஆனால் நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன். அவர் வீச்சு படுத்துவிட்டது. முன்பெல்லாம் மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். இப்போது யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அந்த வீச்சுக்கு அந்த ஷாஃப்ட்டில் பந்து எழும்பவே கூடாது.

ஒரு மத்தியானம் அத்தை என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள். "மொதமொதல்ல அவருக்குப் பந்து வலப்பக்கம் போக ஆரம்பிச்சுது. மனுஷன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. பாக்கச் சகிக்கல எனக்கு. சூடு காட்டி மட்டையோட தலையைக் கழட்டி, கொஞ்சம் இளக்கமான ஷாஃப்ட்டைப் போட்டு, பழைய எழுத்தையே மேல ஒட்டிட்டேன். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் நான் தொடவே இல்ல."

"அதுனால என்ன அத்தை? சரியாத்தானே அடிக்கறாரு?"

"அதுதான் பயமா இருக்கு."

அந்த டிரைவரின் பிடியை மேசையோரத்து வைஸில், அந்த இரும்பு இடுக்கியில், இறுக்கி, மறுமுனையை விரலால் சுண்டிவிட்டாள். எந்த ஷாஃப்ட்டையும் அப்படிச் சுண்டினால் முனை விசிறிபோல மங்கலாகிவிடும், பிறகு நின்றுவிடும். இது அப்படி ஆடவில்லை. முனை இந்தப் பக்கம் போவதையும் அந்தப் பக்கம் வருவதையும் என் கண்ணால் தொடர முடிந்தது.

"விரிசல் விட்டிருக்கும்" என்றேன்.

"விரிசல் விட்டா கரகரங்கும், ஒடையும். இது ஒடையல. அவர் இளைக்க இளைக்க இதுவும் இளகுது."

அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே என் கண்ணெதிரில் அதைக் கழற்றி எறிந்தாள். கடையில் இருந்ததிலேயே விறைப்பான புது ஷாஃப்ட்டை எடுத்து, பிடிக்குக் கீழே மறைகிற இடத்தில் ஊசியால் ஒரு பெருக்கல் குறி கீறினாள். தலையை ஒட்டிக் காயவைத்துச் சுண்டினாள். வண்டுபோல ரீங்கரித்தது.

"இப்ப பந்து வலப்பக்கம் போகும். திட்டுவாரு. திட்டட்டும். டாக்டர்கிட்ட வந்துருவாரு."

ஞாயிற்றுக்கிழமை மாமா அதை எடுத்து வீசினார். வீசும்போதே கால் தடுமாறியது. பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், லேசாக இடப்பக்கம் சாய்ந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

"பீரங்கிக்கு வயசே ஆகாதுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மாமா சிரித்துக்கொண்டே பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

அத்தை டிரைவரை வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பிடியைக் கத்தியால் அறுத்தோம். பெருக்கல் குறி இருந்தது. யாரும் மாற்றவில்லை, அதே ஷாஃப்ட்தான். வைஸில் இறுக்கிச் சுண்டினாள். முனை போனது, தங்கியது, வந்தது. 'சரி, சரி' என்று யாரோ தலையாட்டுவதுபோல.

அத்தை ரம்பத்தை எடுத்தாள்.

"அத்தை, மாமாவோட டிரைவர்!"

"தெரியும். பேசாம இரு."

கறுப்புத் தூள் அவள் கைமேல் உதிர்ந்தது. பாதியில் அறுத்துத் தலைப்பகுதியை ஓரமாகப் போட்டாள். வைஸில் இருந்தது இப்போது குட்டையான வெறும் துண்டு. நீளம் குறைந்தால் அதிர்வின் வேகம் கூடவேண்டும், அதுதான் எந்தத் தண்டுக்கும் விதி. சுண்டினாள். துண்டு முன்னைவிட மெதுவாக ஆடியது. நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மாமா பெஞ்சில் சாய்ந்திருந்தார். அவர் தோள் ஏறியது, தங்கியது, இறங்கியது. என் முதுகுக்குப் பின்னால் துண்டு போனது, தங்கியது, வந்தது. இரண்டும் ஒரே தாளம்.

அத்தையும் பார்த்துவிட்டாள். துண்டைப் பிடித்து நிறுத்தக் கை நீட்டியவள், தீயைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

"யாரும் தொடக்கூடாது" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

கதவைப் பூட்டினாள். வாடகை மட்டைகள் இருந்த இடத்துக்குப் போய் ஒரு டிரைவரை எடுத்தாள். விறைப்பானது. டேப்பை உரித்து எழுத்து தெரிய மாமாவிடம் நீட்டினாள்.

"என்னோடது எங்க?"

"ரிப்பேர்ல இருக்கு. இதுவும் அதே எழுத்துதான். ஒண்ணே ஒண்ணு அடிங்க."

அடித்தார். பந்து முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. வலப்பக்க வேலிக் கம்பத்தில் பட்டு உருண்டது. இன்னொன்று அடித்தார். அதே கம்பம்.

"பீரங்கி மழையில நனைஞ்சிருச்சு போல" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். யாரும் சிரிக்காததால் அவரும் தரையைப் பார்த்தார்.

மாமா எழுத்தைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"மட்டை சரியாத்தான் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ பேருக்கு நோகாமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

"மட்டை சரியாத்தான் இருக்குங்க" என்றாள்.

அவர் கம்பத்தடியில் கிடந்த பந்துகளைப் பார்த்தார். பிறகு மட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, "வண்டியைக் கூப்பிடச் சொல்லு" என்றார்.

வண்டியில் ஏறும்போது திரும்பி, "பழையதுல என்ன பண்ணி வச்சிருந்த நீ?" என்று கேட்டார்.

"ஒரு தடவை இளக்கமா மாத்தினேன்."

"ஒரு தடவைதானா?"

அத்தை அவர் பக்கத்தில் ஏறி வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கவுண்டருக்குத் திரும்பாமல் பட்டறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மட்டைக்குப் பிடி மாற்ற வந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன். வெயில் இறங்கும் நேரத்தில் அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், இனிமேல்தான் தெரியும்.

"அறையைத் தெறந்தியா?"

"இல்ல அத்தை."

"காதை வச்சுக் கேளு. ஆடுதா?"

கதவில் காதை வைத்தேன். தகரக் கதவின் வெயில் சூடு மட்டும்தான் முதலில் இருந்தது. பிறகு உள்ளே, வைஸின் தாடைக்குள் ஏதோ முனகித் தங்கி மறுபடி முனகுவது கேட்டது.

"ஆடுது அத்தை" என்றேன்.

"போனை வச்சுடாதே" என்றாள். "கேட்டுக்கிட்டே இரு."