சிவப்புக் கித்தாரின் உள்மரம்

பழைய சிகரெட் நெடியும், மழையில் நனைந்து சரியாகக் காயாத கம்பளியின் வாடையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு கறுப்புப் பை ஞாபகத்துக்கு வரும். பிள்ளைகளே, அந்தப் பைக்குள் இருந்ததுதான் இப்போது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிவப்பு எலெக்ட்ரிக் கித்தார். தானா ராத்தா என்ற மலையூரில் ஒரு தங்கும் விடுதியில் தோட்ட வேலை பார்த்த எங்கள் சின்ன மாமா, பேண்டுக்காரர்கள் விட்டுப்போன சாமான்களோடு அது குப்பைக்குப் போகவிருந்ததைப் பார்த்து, கேட்டு வாங்கி, காய்கறி லோரியில் ஏற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

அதைத் தொட்ட நாளிலிருந்து என் பரமு அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் கை கழுவுவாள், கித்தாரை எடுப்பாள், சோறு ஆறிப்போகும். மழைக்காலம் முடிவதற்குள் கோயில் பாட்டெல்லாம் அதில் வந்துவிட்டது. தோட்டத்துத் திருவிழாவுக்கு ரிங்லெட்டிலிருந்து வரும் இசைக்குழுவில் கித்தார் வாசிப்பவர் வேலை மாறிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு அக்கா அந்தக் குழுவின் மாஸ்டரைப் பார்க்கப் போனாள். மாஸ்டர் என்றால் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். சாயங்காலமானால் சட்டையை மாற்றிக்கொண்டு மாஸ்டர் ஆகிவிடுவார். அதுவரை எங்கள் தோட்டத்து மேடையில் ஆடுவதற்குத்தான் பெண்பிள்ளைகள் ஏறியிருந்தார்கள், வாசிக்க யாரும் ஏறியதில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாஸ்டருக்குக் கூச்சம்.

"வாசிப்பு இருக்கட்டும்மா. இது என்ன மாடல்? உள்ள என்ன மரம்?" என்று கேட்டார். "என்னோடது மகோகனி. மரம் தெரியாத கித்தார மேடையில ஏத்துனா கொய்ங்னு கத்தும் லா. குழு பேரு கெட்டுப்போயிடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சிக்கிட்டு வா, பார்ப்போம்."

மாடலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கித்தாரின் தலையில் பெயர் இருக்கவேண்டிய இடத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள்; பசைக்கறை மட்டும்தான் மிச்சம். மரமாவது தெரியுமா என்றால், மேலே பூசியிருந்த சிவப்புச் சாயம் தோட்டத்து அம்மன் கோயில் வாசல் கதவில் பூசியதைவிடத் தடிமனாக இருந்தது.

அப்பா பலாப்பழம் தட்டிப் பார்ப்பதில் கெட்டிக்காரர். கித்தாரை மடியில் படுக்க வைத்து, காதை ஒட்டி வைத்து, விரலை மடக்கித் தட்டினார். "இது பலா மரம்தான். வீணைய எதுல செய்யறான்? பலாவுல. அப்ப இதையும் பலாவுலதான் செய்வான்" என்றார். அம்மா அதை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "மழையில நனஞ்ச கொழுந்துக் கூடை கணக்கா கனக்குது. எந்த மரமா இருந்தா என்னடி, மேடையில ஏறி வாசிக்கப்போறது நீயா மரமா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அக்கா இரண்டு பேச்சுக்கும் சமாதானம் ஆகவில்லை. மாஸ்டரிடம் பலாப்பழக் கதை எடுபடாது என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாமான் நல்லதா கெட்டதா என்று தெரியவேண்டுமானால் கடைசித் தீர்ப்பு "டீமேக்கர்" கையில்தான். ஆலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சி, துப்பி, இது எந்த மலைக் கொழுந்து, எப்படிப்பட்ட மழையில் எடுத்தது என்று சொல்லுகிறவர். அதனால் கித்தாரின் தோள்வார் மாட்டும் திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டையிலிருந்து கொட்டிய மரத்தூளை நியூஸ்பேப்பரில் மடித்து அவரிடம் கொண்டுபோனோம். அவர் சிரிக்கவில்லை, அதுதான் விசேஷம். தூளைக் கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, வழக்கம்போல ஊற விட்டு, ஆலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். (நீங்கள் இதைச் செய்யக்கூடாது, சொல்லிவிட்டேன்.)

"துவர்ப்பு இருக்கு. ஆனா கடைசியில ஒரு பசை வாடை வருது பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "பிசின் மரம். நம்ம பக்கம் கெடையாது. லண்டன் மரம்மா இது!"

நான் லயம் முழுக்க ஓடி "லண்டன் மரம், லண்டன் மரம்" என்று கத்தினேன். கித்தாரைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெருமையில் அப்பா லண்டன் மரத்தை எல்லாருக்கும் காட்டவேண்டும் என்று திருப்புளியை எடுத்து, கித்தாரின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே சாயம் படாத குழி, அதில் சுருள்கம்பிகள், குழியின் சுவரில், நோன்புப் பெருநாளுக்கு வரும் லாப்பீஸ் கேக்கை வெட்டி வைத்ததுபோல, வெளுப்பும் பழுப்புமாக அடுக்கடுக்காக மரம்.

முதலில் அம்மாதான் பேசினார். "ஏங்க, இது நம்ம அலமாரிப் பலகைல்ல?"

எங்கள் வீட்டு அலமாரி, கோழிக்கூண்டு, நான் உட்காரும் முக்காலி எல்லாமே, ஆலையில் தேயிலை அடைத்து அனுப்பும் பெட்டி உடைந்தால் மிஞ்சும் ஒட்டுப்பலகையில் அடித்தவை. அப்பா முக்காலியைக் கொண்டுவந்து ஓரத்தை ஓரத்தோடு ஒட்டிப் பார்த்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. டீமேக்கர், "பசை வாடைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தேற்ற அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "லண்டன் மரம்னே சொல்லிடு புள்ள. டீமேக்கரு வாயால வந்ததுதானே?"

"மாஸ்டரு தொறந்து பார்த்தா என் மூஞ்சிய எங்கப்பா வெச்சுக்கிறது?" என்று கேட்டாள் அக்கா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் திருப்புளியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் குழுப் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். அக்கா நேராகச் சொன்னாள்: "மாடல் தெரியல மாஸ்டர், பேர சொரண்டிட்டாங்க. மரம் ஒட்டுப்பலகை. தேயிலைப் பெட்டி மாதிரி."

பையன்கள் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. "தேயிலைப் பெட்டியா! அப்ப பாலு, சீனியெல்லாம் நாங்க கொண்டு வரணுமா?" என்றான் மத்தளக்காரப் பையன்.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "முதுகு மூடியக் கழட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். உங்களோடது மகோகனின்னு சொன்னீங்களே மாஸ்டர், தொறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டுத் திருப்புளியை நீட்டினாள்.

எல்லார் கண்ணும் மாஸ்டரின் கித்தார் பக்கம் திரும்பியது. மாஸ்டர் அதைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டார். "அதெல்லாம் தொறக்கக்கூடாது லா... சுதி போயிடும்." மத்தளக்காரப் பையன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, சும்மா நின்னுக்கிட்டு! ஒயர மாட்டும்மா, நேரமாகுது."

திருவிழா மேடையில் அக்கா நீலப் பாவாடை தாவணியில் நின்று வாசித்தாள். கொய்ங்கென்று கத்தத்தான் செய்தது. மாஸ்டருடையதும் கத்தியது. கீழே இருந்த எங்களுக்கு எது மகோகனி, எது பெட்டிப்பலகை என்று கடைசிவரை தெரியவில்லை. டீமேக்கர் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா இப்போது திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருக்கிறாள். விரல் மூட்டு வலியால் வாசிப்பதில்லை. கித்தாரை நம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். போன வாரம் என் மகள் அதைப் போனில் படம் பிடித்து மாடல் என்னவென்று தேடினாள். போன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் சொன்னது. எங்கள் லயத்துக்காரர்களே தேவலை. நான் அந்தப் பழைய திருப்புளியை எடுத்துக் கொடுத்தேன். அவளே மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். தேயிலைப் பெட்டிப் பலகை மாதிரி, இல்லையா என்றேன்.

"தேயிலைப் பெட்டின்னா எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள்.

காட்டலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரி இப்போது பிளாஸ்டிக். முக்காலி என்றைக்கோ அடுப்புக்குப் போய்விட்டது. ஆலையிலிருந்து தேயிலை காகிதச் சாக்கில் போக ஆரம்பித்து எவ்வளவோ காலம் ஆகிறது. மறுபடியும் கித்தாரின் முதுகையே அவள் பக்கம் திருப்பி, "இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.