கதவுக்கு வெளியே கழற்றிய ஷூ

அந்த விடுதி சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் இருந்தது. கீழே வாத்துகளைச் சுட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் கடை. மேலே மூன்றாவது மாடியில் என் அறை. அறை என்று சொன்னால் அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம், ஜன்னலைச் சாத்தலாம், எட்டினால் முகமும் கழுவிக்கொள்ளலாம். குளிக்க மட்டும் நடையின் கோடிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்துக் கோடை. கம்ப்யூட்டர் வேலைக்கு என்னை அழைத்து வந்த கன்சல்டன்சி, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் "புராஜெக்ட் முடிந்தது" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டது. முதலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் மில்பிடாஸில் சிநேகிதன் வீட்டு ஹாலில் படுத்துக்கிடந்தேன். மதுரைக்காரன், தங்கமானவன். அவன் மனைவிக்குப் பிரசவ நேரம். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்து இறங்கினார்கள். அவன் போகச் சொல்லவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நானாகவே பெட்டியைக் கட்டினேன்.

"கார் இல்லாதவனுக்கு சிட்டிதான்டா லாயக்கு, மாப்ளே. இன்டர்வியூக்கு நடந்தே போயிரலாம்ல" என்று இந்த விடுதியைப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் நடந்து போக இன்டர்வியூ வேண்டுமே! இரண்டு வாரமாக நாலு தெரு சுற்றி ரெஸ்யூமேயை ஃபேக்ஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் நானாகப் புத்தகம் வாங்கிக் கற்றது. ஆள் குறைக்கும் காலத்தில் அப்படிப்பட்டவனை யார் கூப்பிடுவார்கள்?

கல்யாணமாகி ஐந்து மாதம். என்னோடு வருவதற்காக என் மனைவி பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். போன் செய்தால் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டாள். "சாப்பிட்டீங்ளா?" என்பாள். அவள் கேட்காததுதான் எனக்குப் பாரம்.

கடைசியில் ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது. புதன்கிழமை காலை பத்து மணி, பதினைந்து நிமிட நடை. ஊருக்குத் திரும்ப எடுத்து வைத்திருந்த டிக்கெட்டுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. இது கிடைத்தால் அவள் இங்கே வருவாள். கிடைக்காவிட்டால் நான் அங்கே போவேன்.

செவ்வாய் சாயங்காலம் என்னிடமிருந்த ஒரே தோல் ஷூவுக்கு முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டேன். போட்டு, கதவுக்கு வெளியே வைத்தேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. மனிதன் படுக்கிற இடத்துக்குள் செருப்பு வரக்கூடாது என்பது ரத்தத்தில் ஊறினது. என் கிழிந்த கேன்வாஸ் ஷூவும் வந்த நாள் முதல் அங்கேதான் கிடந்தது.

காலையில் கதவைத் திறந்தேன். கேன்வாஸ் இருந்தது. தோல் ஷூவைக் காணோம்.

டையும் கிழிந்த கேன்வாஸுமாகக் கீழே ஓடினேன். கவுன்டரில் விடுதிக்கார அம்மாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெளியே வைத்தாயா? அப்படியானால் நீ காலி பண்ணுகிறாயா?" என்றார் உடைந்த ஆங்கிலத்தில். அங்கே அதுதான் வழக்கம். அறையைக் காலி செய்கிறவர்கள் வேண்டாததைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியாததா? முதல் வாரம் இதே அம்மாள் சொல்லித்தான், நடையில் கிடந்த ஒரு குடையை நானே எடுத்து வைத்திருந்தேன்.

"அப்ப இந்தப் பழைய ஷூவை மட்டும் ஏன் யாரும் எடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

என் காலைப் பார்த்தார். "அது யாருக்கு வேண்டும்?"

எடுத்தவர் எதிர் அறைப் பெரியவர். பக்கத்துச் சந்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். விடிவதற்கு முன்பே புது ஷூவோடு போய்விட்டாராம். அம்மாள் காலண்டர் தாளைக் கிழித்து வழி வரைந்து கொடுத்தார்.

ஓட்டலின் சமையல்கட்டு நிலவறையில் இருந்தது. ஒரே ஆவி. பெரியவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். அவரோடு பேச எனக்கு மொழியில்லை. கிழிந்த ஷூவைக் காட்டினேன், டையைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, அரிசி மூட்டைக்கு மேலிருந்த பலகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். என் ஷூ உள்ளே பத்திரமாக இருந்தது. அவருக்குப் பெரிது போல, முனையில் செய்தித்தாளைத் திணித்திருந்தார். அதை உருவிப் போட்டுவிட்டுச் சீனத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். சமையல்கட்டே சிரித்தது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நல்ல ஷூவை வெளியே வைக்கிறவன் ஊருக்குப் போகிறவன்தான் என்று நினைத்தாராம்."

நேரத்துக்குப் போய்விட்டேன். வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கேட்டவர் நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்டதில் பாதி என் புத்தகத்தில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றேன். "சொல்கிறோம்" என்று எழுந்து கைகொடுத்தார்.

மதுரைக்காரனிடம் போனில் சொன்னேன். "சொல்றோம்னு சொன்னா சொல்லிட்டாய்ங்கன்னு அர்த்தம், மாப்ளே" என்றான். அப்புறம் அவனுக்கே சங்கடமாகி, "ரெண்டு நாள் பாப்போம்டா" என்றான்.

நாலு நாள் பார்த்தேன். விடுதியின் போன் கவுன்டரில்தான். நான் படி இறங்கும்போதே அம்மாள் தலையை ஆட்டிவிடுவார், இல்லையென்று. ஐந்தாம் நாள் பொள்ளாச்சிக்குப் பேசினேன். "வந்தர்றேன்" என்றேன்.

"வாங்க" என்றாள். "ஸ்கூல்ல போன வாரமே கேட்டுட்டனுங்க. சேந்துக்கச் சொல்லிட்டாங்க."

போன வாரமே. என்மேல் நம்பிக்கை போய்க் கேட்டாளா, என் பாரத்தைக் குறைக்கக் கேட்டாளா என்று அந்த அறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். அசதியில் அதையும் முழுதாக யோசிக்க முடியவில்லை.

கிளம்புகிற அன்று கதவுக்கு வெளியே குடையை வைத்தேன். பக்கத்தில் தோல் ஷூவையும் வைத்தேன். இந்த முறை யோசித்துத்தான். பெட்டியோடு கீழே வந்து சாவியைக் கொடுக்கும்போது படியில் தடதடவென்று சத்தம். எதிர் அறைப் பெரியவர், வெறும் காலுறையோடு, கையில் என் ஷூ. ஓடி வந்து அதை என் நெஞ்சில் அழுத்திவிட்டுத் திட்டித் தீர்த்தார்.

"புத்தியே வராதா உனக்கு, மறுபடியும் வெளியே வைத்துவிட்டாயே என்கிறார்" என்று அம்மாள் சிரித்தார்.

நான் பெட்டியைக் காட்டினேன். மேலே விரலைக் காட்டி விமானம் மாதிரி கையை அசைத்தேன். பெரியவர் பெட்டியைப் பார்த்தார். திட்டு நின்றது. அம்மாளும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் செய்தித்தாளில் ஒரு தாளை உருவி அவரிடம் நீட்டினார். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, தாளை இரண்டாகக் கிழித்துச் சுருட்டி, ஒவ்வொரு ஷூவின் முனையிலும் திணித்தார். காலை விட்டு, நாடாவை மெதுவாகக் கட்டினார். எழுந்து நின்று ஒரு தடவை தரையைத் தட்டிப் பார்த்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போக மதுரைக்காரன் வந்திருந்தான். என் காலைப் பார்த்தவன் பெட்டியைக்கூட வாங்கவில்லை.

"ஏன்டா, இந்தக் கிழிஞ்சதப் போட்டுக்கிட்டா பொண்டாட்டி முன்னால போய் நிக்கப்போற?"

"வீட்டுக்குத்தானடா போறேன்" என்றேன். "எப்படியும் வெளியதான் கழட்டிப் போடோணும்."